யார் யாரைத் தொடர்வது: வில்லி நெல்சனின் ஒலிப்பதிவு வாழ்க்கை

வில்லி நெல்சனைப் பற்றி எழுதுகிறவர்கள் ஏறக்குறைய எல்லோரும் ஒரே கதையைத்தான் சொல்கிறார்கள். டெக்சாஸ் மாநிலத்தின் ஆபட் என்ற சிற்றூரில் 1933இல் பிறந்த பாடலாசிரியர் ஒருவர், 1960இல் கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில்லுக்குப் போகிறார். அவர் எழுதிய பாட்டுகளை எல்லோரும் கேட்டு வாங்குகிறார்கள். அவருடைய குரலை யாரும் கேட்கவில்லை. இசைத்தட்டு நிறுவனங்கள் அந்தக் குரலின்மேல் வயலின் கூட்டத்தையும் கோரஸையும் கொட்டி மூடுகின்றன. பத்தாண்டுகள் பொறுத்துப் பார்த்தவர் ஊர் திரும்புகிறார், முடி வளர்க்கிறார், 1975இல் 'ரெட் ஹெடட் ஸ்ட்ரேஞ்சர்' என்ற ஆல்பத்தைத் தன் விருப்பப்படி பதிவுசெய்து வெற்றி காண்கிறார். இந்தக் கதையில் பொய் என்று ஒதுக்கத்தக்கது அதிகம் இல்லை. ஆனால் விளக்கியாக வேண்டிய மூன்று செய்திகளை இது தொடாமலே போகிறது. பாடலாசிரியராக அறியப்பட்டவருக்குப் பாடகராக முதல் முதலிடத்தைத் தந்த பாட்டு அவர் எழுதியதல்ல. அவருடைய மிக நீண்டகால வெற்றியான 'ஸ்டார்டஸ்ட்' ஆல்பத்தில் அவர் எழுதிய பாட்டு ஒன்றுகூட இல்லை. அவர் செய்த துணிச்சலான ஆல்பங்களுள் ஒன்றான 'யெஸ்டர்டேஸ் வைன்' நாஷ்வில்லில், அவரை அடக்கியதாகச் சொல்லப்படும் அதே நிறுவனத்துக்காகப் பதிவானது. அடிமைத்தனம், விடுதலை என்ற சட்டகத்துக்குள் இந்த மூன்றும் அடங்கவில்லை. நெல்சனின் ஒலிப்பதிவு வாழ்க்கையை நகர்த்திய கேள்வி வேறு என்று நான் நினைக்கிறேன். ஒரு பதிவில் குரல் இசைக்குழுவைத் தொடர்கிறதா, இசைக்குழு குரலைத் தொடர்கிறதா? ஊர், நிறுவனம், கருவிகளின் எண்ணிக்கை எல்லாம் இந்தக் கேள்விக்குப் பிறகுதான் வருகின்றன.

இதைப் புரிந்துகொள்ள அன்றைய நாஷ்வில்லின் பணக்கணக்கிலிருந்து தொடங்க வேண்டும். அமெரிக்காவில் வானொலி ஒரு பாட்டை ஒலிபரப்பினால் அதற்கான உரிமைத்தொகை பாட்டை எழுதியவருக்கும் அதன் பதிப்பாளருக்கும் போகும். பாடியவருக்கு அதில் பங்கு கிடையாது. ஆகவே பாட்டு என்பது பாடுகிறவரிடமிருந்து பிரித்தெடுக்கத்தக்க, கைமாற்றத்தக்க ஒரு சொத்தாக இருந்தது. நெல்சன் இதை நாஷ்வில்லுக்கு வருவதற்கு முன்பே அனுபவத்தில் கற்றுவிட்டார். ஹூஸ்டனில் வறுமையில் இருந்தபோது 'ஃபேமிலி பைபிள்' பாட்டை 50 டாலருக்கும் 'நைட் லைஃப்' பாட்டை 150 டாலருக்கும் விற்றார். முன்னதை கிளாட் கிரே பாடி 1960இல் வெற்றியாக்கினார். பின்னது பிற்பாடு எண்ணற்றவர்கள் பாடும் பாட்டாயிற்று. நாஷ்வில்லில் ஹாங்க் காக்ரன் என்ற சக பாடலாசிரியர் அவரை பாம்பர் மியூசிக் என்ற பதிப்பகத்தில் வாரம் 50 டாலர் முன்பணத்துக்குச் சேர்த்துவிட்டார். அங்கே அவருடைய வேலை பாட்டு எழுதுவதும், எழுதியதை டெமோ எடுப்பதும். டெமோ என்பது விற்பனைக்குரிய பதிவல்ல; பிரபலப் பாடகர் ஒருவர் கேட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதற்கான மாதிரி. ஒரு கிட்டார், கூட ஒன்றிரண்டு கருவிகள், எழுதியவரின் குரல், அவ்வளவுதான். 1961ஆம் ஆண்டில் மட்டும் இப்படிப் போன மாதிரிகளிலிருந்து ஃபேரன் யங்கின் 'ஹலோ வால்ஸ்', பில்லி வாக்கரின் 'ஃபன்னி ஹௌ டைம் ஸ்லிப்ஸ் அவே', பேட்சி கிளைனின் 'கிரேசி' ஆகிய மூன்றும் வந்தன. 'ஹலோ வால்ஸ்' கன்ட்ரி வரிசையில் ஒன்பது வாரங்கள் முதலிடத்தில் நின்றது. இப்படி ஒரே ஆண்டில் சாதித்தவரை அந்த ஊர் எழுத்தாளராகப் பார்த்ததில் தீய எண்ணம் எதுவும் இருந்திருக்க வேண்டியதில்லை. பணம் அங்கிருந்துதான் வந்தது.

நெல்சனின் பாடுமுறையில் இருக்கும் தனித்தன்மை எது என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். அவர் வரியைத் தாளத்தின்மேல் வைப்பதில்லை. தாளம் ஒரு பக்கம் சீராக நடந்துகொண்டிருக்க, வரி சற்றுப் பின்தங்கிக் கிளம்பும். நடுவே இரண்டு மூன்று சொற்களைப் பேச்சுபோல நெருக்கி, சில நேரம் தாளத்தையும் முந்திக்கொண்டு ஓடி, அடியின் முடிவில் ஏதோ ஓர் இடத்தில் வந்து சேர்ந்துகொள்ளும். குரலில் அதிர்வோ இழுப்போ குறைவு. மூக்கொலி கலந்த, மெலிந்த குரல். ஃபிராங்க் சினாட்ராவின் வரிநடையை அவர் வாழ்நாள் முழுதும் போற்றினார். ஜாங்கோ ராயின்ஹார்ட்டின் கிட்டார் வாசிப்பை அதைவிடக் கூடுதலாகப் போற்றினார். கன்ட்ரி இசையில் அன்று வழக்கமாக இருந்த, அடியை அழுத்திப் பாடும் முறைக்கு இது நேர் எதிர். 'கிரேசி' பதிவின் வரலாறு இதை நன்றாகக் காட்டுகிறது. 1961 ஆகஸ்டில் ஓவன் பிராட்லியின் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வந்த பேட்சி கிளைன், அந்த ஜூன் மாதம்தான் கார் விபத்தில் படுகாயம் அடைந்திருந்தார். விலா எலும்பு வலியால் உயர்ந்த சுரங்களைப் பிடிக்க முடியவில்லை. டெமோவில் நெல்சன் பாடியிருந்த விதமும் அவருக்கு உதவவில்லை. சில வாரங்கள் கழித்து வந்து, முன்பே தயாராகியிருந்த இசையின்மேல் குரலை மட்டும் பதிவுசெய்தார். நெல்சனின் வரிநடையை விட்டுவிட்டுத் தனக்குரிய நீண்ட, நிறைந்த இழுப்பில் பாடினார். அந்தப் பதிவு கன்ட்ரி வரிசையில் இரண்டாம் இடத்துக்கும் பொது வரிசையில் ஒன்பதாம் இடத்துக்கும் போனது. இன்றும் அதற்கு ஈடு சொல்ல அதிகம் இல்லை. ஆனால் அதிலிருந்து நாஷ்வில் ஒரு தவறான பாடத்தைப் படித்துக்கொண்டது. நெல்சனின் பாட்டிலிருந்து அவருடைய வரிநடையைக் கழற்றினால் எதுவும் இழப்பில்லை என்பதே அந்தப் பாடம். பேட்சி கிளைன் என்ற ஒருவருக்கு அது உண்மையாக இருந்தது.

இழப்பு எவ்வளவு என்பதை அளந்து பார்க்கும் வாய்ப்பு நமக்கு 2003இல்தான் கிடைத்தது. பாம்பர் காலத்து மாதிரிப் பதிவுகள் 'கிரேசி: த டெமோ செஷன்ஸ்' என்ற பெயரில் அந்த ஆண்டு வெளியாயின. அறுபதுகளின் முற்பகுதியில் எடுக்கப்பட்ட அவற்றில், 1975இல் உலகம் புதிதென்று வியந்த பாடுமுறை ஏற்கெனவே முழுதாக இருக்கிறது. விற்பனைக்கல்ல என்பதால் யாரும் அவரைத் தாளத்துக்குள் நிறுத்தவில்லை. அவசரமாக எடுத்ததால் எதையும் மேலே பூசவில்லை. ஊர் திரும்பிய பிறகே நெல்சன் தன் குரலைக் கண்டுகொண்டார் என்ற கூற்றை இந்த ஒரு தொகுப்பே வலுவிழக்கச் செய்கிறது. குரல் தொடக்கத்திலேயே இருந்தது. அதை முடிந்த பொருளாக ஏற்பதற்குரிய ஏற்பாடுதான் இல்லை.

அதே ஆண்டுகளில் விற்பனைக்காக அவர் செய்த பதிவுகள் வேறு விதமாக இருக்கின்றன. லிபர்ட்டி நிறுவனம் 1962இல் வெளியிட்ட முதல் ஆல்பத்தின் பெயர் '...அண்ட் தென் ஐ ரோட்'. ஆர்சிஏ விக்டர் நிறுவனத்தில் 1965இல் வந்த முதல் ஆல்பம் 'கன்ட்ரி வில்லி: ஹிஸ் ஓன் சாங்ஸ்'. இரண்டு தலைப்புகளும் ஒன்றையே விளம்பரம் செய்கின்றன: நீங்கள் ஏற்கெனவே அறிந்த பாட்டுகளை எழுதியவர் இவர். ஆர்சிஏவில் அவருடைய தயாரிப்பாளர் செட் அட்கின்ஸ். அவரே நூற்றாண்டின் தலைசிறந்த கிட்டார் கலைஞர்களில் ஒருவர். நெல்சனின் திறமையை அவர் மதிக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் கூடத்தின் நடைமுறைக்கென்று ஒரு தாளம் இருந்தது. மூன்று மணி நேரம் ஓர் அமர்வு, அதற்குள் மூன்று நான்கு பாட்டுகள். வாசிப்பவர்கள் ஊரின் கைதேர்ந்த அமர்வுக் கலைஞர்கள். காலையில் ஒருவருக்கு, மாலையில் வேறொருவருக்கு. பாடகரோடு ஊர் ஊராகச் சுற்றும் குழுவினருக்குப் பெரும்பாலும் கூடத்தில் இடம் கிடையாது. குரல், தாளக்கருவிகள் பதிவான பிறகு வயலின்களும் கோரஸும் மேலே சேர்க்கப்படும். இது ஒரு தொழிற்சாலை என்று இகழ்வது எளிது. ஜிம் ரீவ்ஸ் போன்ற பாடகருக்கு இதே முறை மிகப் பொருத்தமாக அமைந்தது என்பதை மறக்கக் கூடாது. குழு ஓர் இருக்கையை விரித்துவைக்க, பாடகர் அதில் வசதியாக அமர்வது இந்த முறையின் அடிப்படை. நெல்சனோ அமர்கிறவரல்லர். அவர் எங்கே வந்து சேர்வார் என்பதை அன்று காலைதான் முதல்முறை கேட்கும் கலைஞர்கள், எவ்வளவு திறமைசாலிகளாக இருந்தாலும், பாதுகாப்பாக, அழுத்தமாக அடியைப் பிடித்து வைப்பார்கள். அவரும் அதற்கேற்ப அடங்கிப் பாடுவார். ஆர்சிஏவில் இருந்த ஆண்டுகளில் அவருடைய ஒற்றைப் பாட்டு எதுவும் கன்ட்ரி வரிசையின் முதல் பத்துக்குள் நுழையவில்லை.

குற்றம் வயலின்களுடையதா, மேற்சொன்ன நடைமுறையுடையதா என்று சோதிக்க அரிய சான்று ஒன்று உண்டு. நெல்சனின் குழுவில் பல பத்தாண்டுகளாக ஹார்மோனிகா வாசித்த மிக்கி ரஃபேல், 1966 முதல் 1970 வரையிலான ஆர்சிஏ பதிவுகளின் மூல நாடாக்களை எடுத்து, வயலின்களையும் கோரஸையும் நீக்கிக் கலந்தார். 2009இல் 'நேக்கட் வில்லி' என்ற பெயரில் அது வெளிவந்தது. அதே நாளில் பாடிய அதே குரல், அதே தாளக்குழு. மேற்பூச்சு மட்டும் இல்லை. வழக்கமான கதை சரியென்றால் பூச்சைச் சுரண்டியதும் எழுபதுகளின் நெல்சன் வெளிப்பட வேண்டும். கேட்டால் அப்படி ஆகவில்லை. பதிவுகள் தெளிவாகின்றன, சில பாட்டுகள் மிக அழகாகின்றன. ஆனால் குரல் இன்னும் குழுவுக்குக் கட்டுப்பட்டே நடக்கிறது. டெமோக்களில் இருந்த, தானாக நின்று தானாகக் கிளம்பும் போக்கு இவற்றில் குறைவு. மறைத்தது வயலின்கள் என்றால், அடக்கியது அவற்றுக்கு அடியில் இருந்த ஏற்பாடு. இந்த வேறுபாட்டை நெல்சன் ஆய்வாளர்கள் போதுமான அளவு கருத்தில் எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. நேக்கட் வில்லியை ஓர் அநீதியின் திருத்தமாகவே அவர்கள் கொண்டாடினார்கள். அது ஒரு சோதனையும்கூட, அதன் விடை அவர்கள் எதிர்பார்த்ததல்ல.

ஆர்சிஏ காலத்திலேயே விதிவிலக்குகள் இருந்தன என்று ஒருவர் மறுக்கலாம். மறுப்பு சரியானது, என் வாதத்துக்கு அது துணையாகவே வருகிறது. ஃபோர்ட் வொர்த் நகரின் பான்தர் ஹால் நடன அரங்கில் சிறிய குழுவோடு பாடிய நிகழ்ச்சியை ஆர்சிஏ 1966இல் 'கன்ட்ரி மியூசிக் கான்சர்ட்' என்ற ஆல்பமாக வெளியிட்டது. அதே நிறுவனம், அதே ஆண்டுகள். ஆனால் மேடையில் அவரைத் தெரிந்தவர்கள் வாசிக்கிறார்கள், அவர் போகும் வழியில் அவர்கள் போகிறார்கள். அந்தக் காலத்து ஆர்சிஏ பதிவுகளில் தயக்கமில்லாத நெல்சனைக் கேட்க அதைத்தான் எடுக்க வேண்டும். 1971இல் வந்த 'யெஸ்டர்டேஸ் வைன்' இதைவிடச் சிக்கலானது. முந்தைய டிசம்பரில் டென்னசியின் ரிட்ஜ்டாப் ஊரில் இருந்த அவர் வீடு தீப்பற்றி எரிந்துபோயிருந்தது. ஒரு மனிதனின் பிறப்பு முதல் இறுதிச்சடங்கு வரையிலான கதையாகப் பாட்டுகளைக் கோத்து, கடவுளோடு வழக்காடும் தொனியில் அமைத்த ஆல்பம் அது. நாஷ்வில் கலைஞர்கள்தான் வாசித்தார்கள்; ஆனால் பாட்டுகள் ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் பேச்சாக நகர்ந்ததால், வாசித்தவர்கள் பேச்சுக்குக் காத்திருக்க வேண்டியதாயிற்று. நிறுவனத்துக்கு அதை எப்படி விற்பதென்று தெரியவில்லை. அது விற்கவில்லை. நாஷ்வில்லில் செய்ய முடியாது என்ற கூற்றுக்கு அது மறுப்பு. நாஷ்வில்லில் விற்க முடியவில்லை என்பதற்குச் சான்று.

1972இல் ஆஸ்டின் நகருக்குக் குடிபெயர்ந்ததையும், அங்கே ஆர்மடில்லோ வேர்ல்ட் ஹெட்குவார்ட்டர்ஸ் அரங்கில் நீண்ட முடி இளைஞர்களும் மாட்டுப்பண்ணை ஆட்களும் ஒன்றாக அவரைக் கேட்டதையும் எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். என் வாதத்துக்கு அதைவிட முக்கியமானவர் நியூயார்க்கில் இருந்த ஜெரி வெக்ஸ்லர். ரே சார்ல்ஸ், அரிதா ஃபிராங்ளின் ஆகியோரோடு பணிபுரிந்த அட்லாண்டிக் நிறுவனத்தின் தயாரிப்பாளர் அவர். கறுப்பின மக்களின் ரிதம் அண்ட் புளூஸ் மரபில் குரல் எங்கே போகிறதோ அங்கே குழு போவது இயல்பு. பாடகர் வரியைத் தள்ளிவைத்தால் அதைப் பிழையாக யாரும் கருதுவதில்லை. வெக்ஸ்லர் நெல்சனைத் தன் சொந்தக் குழுவோடு நியூயார்க் வரச் சொன்னார். 1973இல் வந்த 'ஷாட்கன் வில்லி' அந்தப் பயணத்தின் விளைவு. அப்போதுதான் அக்கா பாபி நெல்சன் பியானோவோடு நிரந்தரமாகக் குழுவில் சேர்ந்தார். சிறுவயதில் பாட்டி, தாத்தா வளர்ப்பில் ஒன்றாக வாசித்துப் பழகிய கைகள் அவருடையவை. அடுத்த ஆண்டு 'ஃபேசஸ் அண்ட் ஸ்டேஜஸ்', அலபாமாவின் மசல் ஷோல்ஸில் பதிவானது. மணவிலக்கை முதல் பக்கத்தில் பெண்ணின் பார்வையிலும் மறுபக்கத்தில் ஆணின் பார்வையிலும் சொல்லும் ஆல்பம். கவனிக்க வேண்டியது, அங்கே வாசித்தவர்களும் அமர்வுக் கலைஞர்கள்தான், நெல்சனின் சொந்தக் குழு அல்ல. ஆயினும் சோல் பாடகர்களைப் பின்தொடர்ந்து பழகியவர்கள். அமர்வுக் கலைஞர் என்பதாலேயே ஒருவர் பாடகரை அடக்கிவிடுவார் என்ற முடிவுக்கு இது இடம் தரவில்லை. எந்தப் பழக்கத்தோடு வருகிறார் என்பதே கணக்கு. அட்லாண்டிக் தன் கன்ட்ரி பிரிவை 1974இல் மூடிவிட்டது. அந்தக் கதவு அத்தோடு அடைந்தது.

கொலம்பியா நிறுவனத்தோடு அடுத்துச் செய்துகொண்ட ஒப்பந்தம் கலை முடிவுகளில் முழு அதிகாரத்தை நெல்சனுக்குத் தந்தது. 1975 ஜனவரியில் டாலஸ் அருகே கார்லண்ட் ஊரில் இருந்த ஆட்டம் சவுண்ட் என்ற கூடத்தில், தன் சாலைக் குழுவோடு, சொற்பச் செலவில் 'ரெட் ஹெடட் ஸ்ட்ரேஞ்ச'ரைப் பதிவுசெய்தார். மனைவியையும் அவள் காதலனையும் கொன்றுவிட்டுத் திரியும் ஒரு போதகரின் கதை. பல இடங்களில் குரலும் நைலான் நரம்புக் கிட்டாரும் மட்டுமே கேட்கின்றன. பால் இங்கிலிஷ் டிரம்ஸைத் தொடாமல் இருக்கும் நேரம் தொடும் நேரத்தைவிட அதிகமோ என்று தோன்றும். பாபியின் பியானோ ஒரு வரிக்கு இடையே எட்டிப்பார்த்துவிட்டு விலகும். கொலம்பியா நிர்வாகிகள் கேட்டபோது இது டெமோ என்றே பலர் நினைத்தார்கள். மெருகேற்றி வெளியிடலாம் என்றார்கள். ஒப்பந்தம் இடம் தரவில்லை. அவர்கள் காது சரியாகத்தான் கேட்டது என்பேன். பாம்பர் மியூசிக்கில் பதினைந்தாண்டுகளுக்கு முன் அவர் எடுத்த பதிவுகளின் வார்ப்பு இது. இடையில் சேர்ந்திருந்தது அவரைப் பின்தொடரத் தெரிந்த ஒரு குழு. முன்பு தனிமையில் மட்டும் சாத்தியமாக இருந்த சுதந்திரம், பலர் சேர்ந்து வாசிக்கும்போதும் சாத்தியமாயிற்று. 1969இல் வாங்கிய மார்ட்டின் என்-20 கிட்டாருக்கும் இதில் பெரும்பங்கு. டிரிகர் என்று அவர் பெயரிட்ட அந்தக் கிட்டார், மெல்லிய கிளாசிக்கல் கருவி. மின் இணைப்பு பொருத்தப்பட்டது. குரல் தாமதிக்கும் இடத்தில் அதுவும் தன் பங்குக்குத் தாமதித்து, குரலின் இரண்டாம் பிரதிபோலப் பேசுகிறது.

அந்த ஆல்பத்திலிருந்து வந்த வெற்றி 'புளூ ஐஸ் க்ரையிங் இன் த ரெயின்'. நாற்பதுகளில் ராய் ஏகஃப் பாடிய பாட்டு. எழுதியவர் ஃபிரெட் ரோஸ். இந்த ஃபிரெட் ரோஸ் யார் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். ஏகஃப்-ரோஸ் என்ற பதிப்பகத்தை நிறுவி, ஹாங்க் வில்லியம்ஸின் பாட்டுகளைச் செப்பனிட்டு, நாஷ்வில்லைப் பாட்டு வணிகத்தின் நகரமாக்கியவர்களுள் முதல்வர். நாஷ்வில்லுக்கு எதிரான கலகம் என்று போற்றப்படும் ஆல்பத்தின் உச்சி அந்த நாஷ்வில்லின் தந்தை எழுதிய பாட்டு. ஆல்பத்தின் தலைப்புப் பாட்டும் நெல்சனுடையதல்ல. கார்ல் ஸ்டட்ஸும் ஈடித் லிண்டமனும் எழுதியது. இடையே எடி ஆர்னால்டின் பாட்டு, ஹாங்க் காக்ரனின் பாட்டு, பில் கேலரியின் பாட்டு, வேதப்பாட்டு மெட்டு. நெல்சன் தானே எழுதிய சில சிறு பாட்டுகளை நூலாக்கி இவற்றைக் கோத்திருக்கிறார். பாட்டு எழுதுவதில் மட்டும் ஆசிரியத்துவத்தைத் தேடுகிறவருக்கு இது ஒரு தொகுப்பு. கேட்கிறவருக்கோ ஒரே மனிதனின் கதை. இந்த இடத்தில்தான் நெல்சன் தன் தொழிலின் அடிப்படைக் கணக்கைத் திருப்பிப் போடுகிறார். ஹூஸ்டனில் அவர் எழுதிய பாட்டு அவர் கையைவிட்டுப் போய் அடுத்தவர் பெயரில் புகழ்பெற்றது. இங்கே அடுத்தவர் எழுதிய பாட்டு அவர் வரிநடைக்குள் வந்து அவருடையதாகிறது. 1975 அக்டோபரில் அது கன்ட்ரி வரிசையில் முதலிடம் பெற்றது. பாடகராக அவருக்கு அது முதல் முதலிடம்; வயது நாற்பத்திரண்டு.

இதற்கு எதிராகச் சொல்லத்தக்க வலுவான வாதம் சந்தையைப் பற்றியது. நெல்சனின் பதிவுமுறை வெல்லவில்லை, காலம் மாறியது. எழுபதுகளின் இளைஞர்கள் கரடுமுரடானதை உண்மையானதென்று நம்ப விரும்பினார்கள். நிறுவனங்கள் அந்த விருப்பத்துக்கு 'அவுட்லா' என்று பெயர் வைத்து விற்றன. சான்றும் இருக்கிறது. ஆர்சிஏ 1976இல் வேலன் ஜென்னிங்ஸ், ஜெசி கோல்ட்டர், டாம்பால் கிளேசர், நெல்சன் ஆகியோரின் பதிவுகளைத் தொகுத்து 'வாண்டட்! தி அவுட்லாஸ்' என்று வெளியிட்டது. பிளாட்டினம் தகுதி பெற்ற முதல் கன்ட்ரி ஆல்பம் அதுவே. அதில் நெல்சன் தனியாகப் பாடிய இரண்டு பாட்டுகளும் 1971இல் விற்காமல் கிடந்த 'யெஸ்டர்டேஸ் வைன்' ஆல்பத்தின் பாட்டுகள். அட்டை மாறியதும் அதே ஒலி விற்றது! இந்த வாதத்தில் பாதி உண்மை இருப்பதை மறுக்க மாட்டேன். அட்டைப்படத்தின் ஆற்றலைக் குறைத்து மதிப்பிடுவது இசைத்தட்டு வரலாற்றையே அறியாமல் போவதாகும். ஆனால் அட்டை ஒரு பதிவை வாங்கவைக்கும், அந்த ஒலியை முடிந்த வேலையாகக் கேட்கும் காதைத் தராது. அந்தக் காதை ஓராண்டு முன்பே 'ரெட் ஹெடட் ஸ்ட்ரேஞ்சர்' பழக்கியிருந்தது. மேலும், 'அவுட்லா' என்ற முத்திரைதான் அவரை விற்றது என்றால், அந்த முத்திரையோடு சற்றும் பொருந்தாத அடுத்த பெரும் வெற்றியை எப்படி விளக்குவது?

1978இல் வந்த 'ஸ்டார்டஸ்ட்' அது. ஹோகி கார்மைக்கல், இர்விங் பெர்லின், கெர்ஷ்வின் சகோதரர்கள், டியூக் எலிங்டன் போன்றோரின் பழைய பாட்டுகள் பத்து. பெரும்பாலும் நெல்சனின் பெற்றோர் தலைமுறை நடனக் கூடங்களில் கேட்டவை. கொலம்பியாவில் பலருக்கு இது பெருந்தவறாகப் பட்டது. அவுட்லா என்று விற்றுக்கொண்டிருக்கும் ஒருவர் 'ஜார்ஜியா ஆன் மை மைண்ட்' பாடினால் யார் வாங்குவார்கள்? ஆல்பம் பில்போர்ட் கன்ட்ரி வரிசையில் பத்தாண்டுகளுக்கும் மேல் இடம்பெற்றிருந்தது. தயாரிப்பாளர் புக்கர் டி. ஜோன்ஸ், மெம்ஃபிஸின் ஸ்டாக்ஸ் நிறுவனத்தில் ஓடிஸ் ரெடிங் போன்றோருக்குப் பின்னணி வாசித்து வளர்ந்தவர். வெக்ஸ்லருக்குப் பிறகு மறுபடியும், குரலைப் பின்தொடரும் மரபிலிருந்து வந்த ஒருவர். அவர் நெல்சனின் குழுவையே வாசிக்கவைத்து, தன் ஆர்கனை மெல்லிய விரிப்பாக அடியில் வைத்தார். சினாட்ரா போன்ற பாடகர்களுக்கு இந்தப் பாட்டுகள் ஒரு பெரிய இசைக்குழுவின் முன் நின்று பாடுபவை. நெல்சன் அவற்றை ஒரு மேசைக்கு எதிர்ப்புறம் இருப்பவரிடம் சொல்கிறார். அவருடைய ஒலிப்பதிவு வாழ்க்கையில் ஒன்றை மட்டும் காப்பாற்றலாம் என்றால் நான் 'ரெட் ஹெடட் ஸ்ட்ரேஞ்ச'ரைவிட இதையே எடுப்பேன். அந்த ஆல்பத்துக்குக் கதை துணை நின்றது. இங்கே எந்தத் துணையும் இல்லாமல் வரிநடை மட்டும் நிற்கிறது.

எண்பதுகள் என் வாதத்துக்குச் சங்கடமானவை. 1982இல் பெருவெற்றி பெற்ற 'ஆல்வேஸ் ஆன் மை மைண்ட்' சிப்ஸ் மோமன் தயாரித்த, விசைக்கருவிகளும் பின்னணிக் குரல்களும் நிறைந்த, மெருகேறிய பதிவு. பிரெண்டா லீயும் எல்விஸ் பிரெஸ்லியும் ஏற்கெனவே பாடிய பாட்டு. எளிமைதான் நெல்சனின் கலை என்று சொல்லியிருந்தால் இந்தப் பதிவு அதை உடைத்துவிடும். ஆனால் கேட்டுப் பாருங்கள்: பின்னணி அடர்ந்திருந்தாலும் அது அவசரப்படுத்துவதில்லை. குரல் மன்னிப்புக் கேட்கத் தயங்கும் இடத்தில் இசையும் நின்று கொடுக்கிறது. எல்விஸின் பதிவில் பாட்டு முன்னேறிக்கொண்டே போகும். இதில் அது குரலுக்காகக் காத்திருக்கிறது. ஆகவே கருவிகளின் எண்ணிக்கை அளவுகோலல்ல என்பதை இந்தப் பாட்டு உறுதிப்படுத்துகிறது. என்றாலும் அந்தப் பத்தாண்டில் வந்தவை எல்லாவற்றையும் இப்படிக் காப்பாற்ற முடியாது. ஹூலியோ இக்லேசியஸுடன் 1984இல் பாடிய பாட்டில் நெல்சன் ஓர் அலங்காரம் மட்டுமே. ஆண்டுக்கு இரண்டு, மூன்று என்று வந்த ஆல்பங்களில் கவனக்குறைவு தெரிகிறது. முதல் எடுப்பே போதும் என்ற கொள்கை, நல்ல பாட்டு கிடைத்த நாளில் அற்புதம் செய்யும். கிடைக்காத நாளில் அது வெறும் முதல் எடுப்பாகவே நின்றுவிடும். டெமோவைப் பதிவாக ஏற்பதற்கு நெல்சன் கொடுத்த விலை அது. அவரைப் போற்றுகிறவர்கள் இதை மறைக்க வேண்டியதில்லை.

அதே கொள்கையின் மறுமுனையில் இருப்பது 1991இல் வந்த 'தி ஐஆர்எஸ் டேப்ஸ்'. 1990 நவம்பரில் அமெரிக்க வருமான வரித்துறை 1 கோடியே 67 லட்சம் டாலர் பாக்கிக்காக அவருடைய சொத்துகளைப் பறிமுதல் செய்தது. கடன் அடைக்க உதவியாக வெளியான இந்தத் தொகுப்பில் குரலும் டிரிகரும் தவிர வேறு ஒன்றும் இல்லை. இருபதுக்கும் மேற்பட்ட பழைய பாட்டுகள், பல அறுபதுகளில் எழுதியவை. வழக்கின் பரபரப்பால் இதை ஒரு வேடிக்கைப் பொருளாகவே பலர் நினைவில் வைத்திருக்கிறார்கள். இசையாகக் கேட்டால் பாம்பர் மாதிரிகளுக்கு நேர்த் தொடர்ச்சி இதுதான். ஏழாண்டு கழித்து டேனியல் லான்வா தயாரித்த 'டியாட்ரோ' அதைவிடத் தெளிவான ஒப்பீட்டைத் தருகிறது. கலிஃபோர்னியாவின் ஆக்ஸ்னார்டில் மூடிக்கிடந்த ஒரு திரையரங்கில் பதிவான இந்த ஆல்பத்தில், 'ஐ நெவர் கேர்ட் ஃபார் யூ', 'மை ஓன் பெக்யூலியர் வே' போன்ற அறுபதுகளின் பாட்டுகளை மறுபடி எடுத்தார். ஒரே பாட்டு, ஒரே பாடகர், முப்பதாண்டு இடைவெளி. தாளக்கருவிகள் முன்பைவிட அதிகம், பல நேரம் இரண்டு டிரம்ஸ். எம்மிலூ ஹாரிஸின் குரல் கூடவே. ஒலி அடர்த்தி எந்த ஆர்சிஏ பதிவையும் மிஞ்சும். ஆனால் அந்தத் தாளங்கள் வட்டமாகச் சுழல்கின்றன, அடியை அறைந்து மூடுவதில்லை. நடுவில் நெல்சன் எங்கே வேண்டுமானாலும் இறங்கி ஏறலாம். 'நேக்கட் வில்லி' கருவிகளைக் குறைத்தும் தர முடியாததை இந்த ஆல்பம் கருவிகளைக் கூட்டியே தந்துவிடுகிறது.

கடைசியாக ஒரு மறுப்பு, எல்லாவற்றிலும் கடினமானது. 2008க்குப் பிறகு நெல்சனின் பெரும்பாலான ஆல்பங்களைத் தயாரித்த பட்டி கேனன், பின்னணி இசையை நாஷ்வில்லில் அமர்வுக் கலைஞர்களைக் கொண்டு முதலில் பதிவுசெய்துகொள்வார். பிறகு டெக்சாஸ் போய் நெல்சனின் குரலையும் டிரிகரையும் அதன்மேல் சேர்ப்பார். பேட்சி கிளைன் 'கிரேசி'யைப் பாடிய அதே வரிசை. குழு பதிவாகி முடிந்த பிறகு அது எப்படிக் குரலைத் தொடர முடியும்? 'காட்ஸ் ப்ராப்ளம் சைல்ட்', 'லாஸ்ட் மேன் ஸ்டாண்டிங்' போன்ற ஆல்பங்கள் நன்றாக இருப்பதையும் மறுக்க முடியாது. இரண்டாவதில் முதுமையையும் நண்பர்களின் மறைவையும் பற்றி அவரும் கேனனும் சேர்ந்து எழுதிய பாட்டுகள் எழுபதுகளின் பாட்டுகளோடு வைத்து எண்ணத்தக்கவை. என்னுடைய பதில், பின்தொடர்தல் ஒரே அறையில், ஒரே நேரத்தில்தான் நடக்க வேண்டும் என்பதில்லை. 1961இன் கலைஞர்கள் கேட்டறியாத ஒரு குரலை இன்றைய நாஷ்வில் கலைஞர்கள் அரை நூற்றாண்டாகக் கேட்டு வளர்ந்திருக்கிறார்கள். அவர் எங்கே தாமதிப்பார், எந்த இடத்தில் டிரிகர் குறுக்கே வரும் என்று முன்கூட்டியே இடம் விட்டு வாசிக்கிறார்கள். ஆனால் இதற்கு ஓர் எல்லை உண்டு என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். எதிர்பார்த்து விட்ட இடத்தில் எதிர்பார்த்ததுதான் நடக்கும். கேனன் ஆல்பங்களில் நெல்சன் நம்மை அரிதாகவே திடுக்கிடவைக்கிறார்.

2024இல், தொண்ணூற்றொரு வயதில் வந்த 'லாஸ்ட் லீஃப் ஆன் த ட்ரீ' அந்த எல்லையைக் கடந்து போகிறது. தயாரித்தவர் மகன் மைக்கா. கருவிகளில் பெரும்பகுதியை வாசித்தவரும் அவரே. டாம் வெயிட்ஸ், பெக், நீல் யங், த ஃப்ளேமிங் லிப்ஸ் என்று கன்ட்ரி இசைக்கு வெளியே உள்ளவர்களின் பாட்டுகளே அதில் மிகுதி. மூச்சு குறைந்துவிட்டது, வரிகள் முன்பைவிடச் சிறு துண்டுகளாக உடைகின்றன, ஒவ்வொரு துண்டும் எங்கே விழும் என்று ஊகிக்க முடியவில்லை. மகன் ஊகிக்க முயலவும் இல்லை. ஓர் ஒலியை மீட்டிவிட்டு, தந்தை வரும்வரை அதை ஒலிக்கவிடுகிறார்.